பெருத்த சில்லும் பழைய பிரேக்கும்

மலையகத்து வாகனங்களின் வரலாற்றைப் பேசுவோர் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைப் போட்டியையே முதலில் நினைவுகூர்வர். தேயிலைச் சரிவில் 1930களில் தொடங்கிய அப்போட்டியில் ஏறுவதற்குத்தான் கிண்ணம். நான் செய்தியாக எழுத நேர்ந்த வாகன விபத்துகளில் அதிகமானவையோ இறக்கத்தில் நிகழ்ந்தவை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லையில், இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த பேருந்து மோதி, வானிலும் முச்சக்கரவண்டியிலும் வந்த ஏழு பேர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இறங்கும் வண்டியை நிறுத்தும் கலையைத் தொழிற்சாலைகள் அறிந்தேயிருந்தன. தோட்டத் துரைமார் விரும்பிய லான்ட் ரோவரையே எடுத்துக்கொள்வோம். 1958இல் வந்த இரண்டாம் வரிசையில், 88 அங்குலக் குட்டை வண்டிக்கு 6.00-16 டயரும் பத்து அங்குல பிரேக் டிரம்மும். 109 அங்குல நெட்டை வண்டிக்கு 7.50-16 டயரும் பதினொரு அங்குல டிரம்மும். டயரின் விட்டம் ஏறத்தாழ மூன்று அங்குலம் கூடியதும் டிரம்மும் கூடவே வளர்ந்தது. மொரிஸ் மைனரில் சில்லு வளரவில்லை. 1962இல் இயந்திரம் 1098 சி.சி.யானபோதே முன் டிரம்மை ஏழிலிருந்து எட்டு அங்குலமாக்கினார்கள்.

நமது கராஜ்களில் வளர்ந்தது சில்லு மட்டுமே. எண்பதுகளில் தோட்டமொன்றின் குட்டை லான்ட் ரோவரில் நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்கினேன். தோட்டப் பாதையின் கற்கள் அடியில் இடிக்கின்றனவென்று 7.50 டயர் மாட்டியிருந்தார்கள். லபுக்கலையைத் தாண்டியதும் எரிந்த வாடை. மிதி பலகைவரை இறங்கிவிட்டது. சாரதி முதலாம் கியரில் போட்டு, கரைமேட்டில் உரசி நிறுத்தினார். என் கைகள் நெடுநேரம் நடுங்கின.

பின்னர் ஹட்டனில் ஒரு முதிய மெக்கானிக் விளக்கினார். "சில்லு பெருத்தால் அதே பிரேக்குக்குப் பிடிமானம் குறையும் ஐயா. கியரும் நீண்டதுபோலாகிவிடும், எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் குறையும். பாரமெல்லாம் டிரம்மின் தலையில். சூடேறி டிரம் விரிந்தால் கட்டைக்கு எட்டாது." பௌதிகப் பாடநூலில் நான் படித்துப் புரியாததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

கழித்துப்போட்ட 109 ஒன்றிலிருந்து பதினொரு அங்குல பிரேக் தொகுதியைக் கழற்றி அந்த வண்டிக்குப் பூட்டினார். அது அப்படியே பொருந்தியது. டயர் வாங்கியபோது முகம் சுளிக்காத தோட்ட நிர்வாகம், அந்தக் கூலிக்கு மட்டும் மூன்று மாதம் இழுத்தடித்தது.