வெனிஸ் குடியரசில் அதிகாரமும் செல்வ ஏற்றத்தாழ்வும்

விளைநிலம் இல்லாத தீவு நகரமான வெனிஸ் கடல் வணிகத்தால் செழித்தது. ‘கொலெகான்சா’ என்ற கூட்டு ஒப்பந்தம் எளியவர்களுக்கும் அந்த வணிகத்தில் இடம் கொடுத்தது. ஊரில் இருப்பவர் முதல் போடுவார். கையில் காசில்லாத இளைஞர் சரக்குடன் கப்பலேறி, கான்ஸ்டான்டிநோபிளிலோ அலெக்சாந்திரியாவிலோ விற்றுத் திரும்புவார். லாபத்தில் கால் பங்கு அவருக்கு. சில பயணங்களுக்குப் பின் அவரே முதலாளியாகவும் முடிந்தது. இவ்வாறு தலையெடுத்த குடும்பங்கள் ஆட்சியிலும் பங்கு கேட்டன. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான பெருமன்றம், ஆட்சித்தலைவரான தோஜேயின் அதிகாரத்துக்குக் கடிவாளமிட்டது.

புதியவர்கள் பெருகப் பெருக, பழைய குடும்பங்களின் லாபம் குறைந்தது. 1297இல் வந்த ‘செர்ராட்டா’ சட்டம், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் பெருமன்றத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை அளித்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் உறுப்பினர் உரிமை பரம்பரைச் சொத்தாகிவிட்டது. 1310இல் பஜமோன்தே தியேபோலோ தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கியபின் அமைக்கப்பட்ட பத்துப் பேர் மன்றம் நிரந்தரமாக நிலைத்தது.

அரசியல் கதவு மூடியதும் வணிகக் கதவும் மூடியது; வெனிஸ் வரலாற்றின் மையத் திருப்பம் இதுதான். 1324ஆம் ஆண்டு விதி, ஒருவர் தம் மதிப்பிடப்பட்ட சொத்துக்கு மேல் சரக்கு அனுப்பக்கூடாது என்றது. கடன் வாங்கி வணிகம் செய்தவர்களின் கை இதனால் கட்டுண்டது. விதி எப்போதும் நடப்பில் இருக்கவில்லை; இருந்த காலங்களில் அடி ஏழை வணிகர் மீதே விழுந்தது. மிளகு, பட்டு போன்ற விலையுயர்ந்த சரக்குகளை ஏற்றிய அரசுக் கப்பல்களைக் குத்தகைக்கு எடுக்கும் ஏலத்தில் பிரபுக்கள் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. கொலெகான்சாவில் சாமானியர்களின் பெயர்கள் அருகின. பிறகு அந்த ஒப்பந்தமே வழக்கொழிந்தது.

பணம் தேவைப்பட்டபோது மட்டும் கதவு சற்றுத் திறந்தது. ஜெனோவாவுடனான போருக்கு உதவிய 30 குடும்பங்கள் 1381இல் பிரபுக்களாயின. 17ஆம் நூற்றாண்டில் கிரீட் தீவுக்கான போரின்போது, ஒரு லட்சம் டுகாட் செலுத்தியவர்களுக்குப் பிரபுப் பட்டம் விற்கப்பட்டது.

பிரபு வகுப்புக்குள்ளும் சமத்துவம் இருக்கவில்லை. நொடித்துப்போன பிரபுக்கள் சான் பர்னபா பகுதியில் அரசின் தயவில் வாழ்ந்து, தம் வாக்குகளைப் பணக்காரப் பிரபுக்களுக்கு விற்றார்கள். நெப்போலியனின் படை நெருங்கியபோது, 1797 மே 12 அன்று பெருமன்றம் வாக்களித்துத் தன்னையே கலைத்துக்கொண்டது.