வீட்டுத் திரையரங்கக் கணினி

வீட்டுத் திரையரங்கக் கணினி என்பது பெரிய திரை கொண்ட தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கப்பட்டு, திரைப்படம், இசை, ஒளிப்படம் முதலியவற்றை வரவேற்பறையில் காட்டப் பயன்படும் கணினி ஆகும். வன்பொருள் அளவில் இது சாதாரணக் கணினியே. இரைச்சல் குறைந்த விசிறியும், தொலை இயக்கியால் இயக்கத்தக்க மென்பொருளும் மட்டுமே இதனை வேறுபடுத்துகின்றன.

வரலாறு

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002இல் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. திறந்த மூல மென்பொருளான மித்டிவியும் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக உருவான எக்ஸ்பிஎம்சி, 2014இல் கோடி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2015இல் வெளியான விண்டோஸ் 10இல் மீடியா சென்டர் இடம்பெறவில்லை.

இணைப்பு வகைகள்

தொடக்க காலத்தில் பயன்பட்ட எஸ்-வீடியோ வழியே திரைப்படம் ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. எழுத்துகளை வாசிப்பது கடினம். 1987இல் அறிமுகமான விஜிஏ தொடர்முறைக் குறிகையைக் கொண்டது. எண்முறை இணைப்பான டிவிஐ 1999இலும், படத்தையும் ஒலியையும் ஒரே வடத்தில் கடத்தும் எச்டிஎம்ஐ 2002 இறுதியிலும் வந்தன. 4கே படத்தை எச்டிஎம்ஐ 1.4 (2009) நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கும்; சுட்டிக்குறி விட்டுவிட்டு நகர்வது இதனாலேயே. எச்டிஎம்ஐ 2.0 (2013) முதல் 60 முறை இயலும்.

படத்தின் ஓரம் மறைதல்

கணினியை முதன்முதலில் இணைப்போர் பெரும்பாலும் சந்திக்கும் சிக்கல் இது. பழைய கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் அளவு சற்றே கூடிக் குறையும். ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரியாதிருக்க, படம் திரையைவிடச் சிறிது பெரிதாக வரையப்பட்டு விளிம்புகள் சட்டத்தின் பின்னே மறைக்கப்பட்டன. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டைத் திரைகளுக்கு இது தேவையில்லை. ஆயினும் பல தொலைக்காட்சிகள் இப்பழக்கத்தைத் தொடர்ந்தன.

ஒளிபரப்பில் இது கண்ணுக்குத் தெரியாது. கணினியிலோ விளிம்பில்தான் பட்டியல்களும் பொத்தான்களும் உள்ளன. 1920×1080 படத்தில் ஒவ்வொரு பக்கமும் 2.5 விழுக்காடு வெட்டப்பட்டால், கீழே 27 படப்புள்ளிகள் மறையும். விண்டோஸ் 7இன் பணிப்பட்டையின் உயரமே 40 படப்புள்ளிகள்தான். எஞ்சிய 1824×1026 படம் மீண்டும் முழுத்திரைக்கு இழுக்கப்படுவதால், ஒரு படப்புள்ளி ஒரு படப்புள்ளியில் பொருந்தாமல் எழுத்துகள் மங்குகின்றன. வடத்தை மாற்றிப் பயனில்லை.

தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "1:1" போன்ற பெயர்களில் உள்ள தெரிவே இதற்கான தீர்வு. சில வரைவியல் அட்டைகளின் மென்பொருளில் படத்தைச் சுருக்கும் வசதி உண்டு. அது ஓரத்தை மீட்டுத்தருமே தவிர, படம் இருமுறை அளவு மாற்றப்படுவதால் தெளிவு மேலும் குறையும். எனவே தொலைக்காட்சியில் திருத்திய பின், கணினியில் சுருக்கத்தைச் சுழியமாக்குவது நன்று.

நிறமும் அசைவும்

பல தொலைக்காட்சிகள் நிற விவரத்தை ஒளிர்வு விவரத்தைவிடக் குறைந்த நுண்மையில் கையாள்கின்றன. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கலங்கித் தெரிந்தால் காரணம் இதுவே. உள்ளீட்டிற்குப் "பிசி" எனப் பெயரிட்டால் பலவற்றில் இது நீங்கும்.

ஒளிபரப்பு முறையில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் இவை 0, 255. இரு கருவிகளும் ஒரே அளவைக் கொள்ளாவிடில் கறுப்பு சாம்பலாக வெளிறும், அல்லது இருண்ட காட்சிகளின் நுட்பங்கள் மறையும்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் கொண்டது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுவதால், ஒளிப்படக்கருவி மெல்லத் திரும்பும் காட்சிகள் தடுமாறும். திரை ஏற்குமாயின் 24 ஹெர்ட்ஸைத் தெரிவு செய்யலாம்.

ஒலி

எச்டிஎம்ஐ இணைத்தும் ஒலி வராவிடில், இயங்குதளத்தில் ஒலி வெளியீடாகத் தொலைக்காட்சி தெரிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இடையில் ஒலிபெருக்கிக் கருவி இருப்பின், அதுவும் எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். இல்லையேல் காப்புரிமைக் காப்புள்ள படங்கள் தோன்றாமலோ, குறைந்த நுண்மையிலோ வரக்கூடும்.