இரு வட்டுகள், இரு காலங்கள்: இணைவட்டுத் தரவு மீட்பில் சாட்சியச் சிக்கல்

ரெய்டு 1 எனப்படும் இணைவட்டு அமைப்பில் எழுதப்படும் ஒவ்வொன்றும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் பதிகிறது. ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். ஆகவே தரவு மீட்பு இங்கே ஒரு பிரச்சினையே அல்ல என்பது பரவலான எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. ரெய்டு 5 போலத் தரவைத் துண்டாக்கிப் பல வட்டுகளில் பரப்புவதில்லை என்பதால், இணையில் ஒன்றைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கோப்புகள் முழுதாகக் கிடைக்கும். மதர்போர்டோ ரெய்டு கண்ட்ரோலரோ மட்டும் எரிந்துபோனால் பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மீட்பு கடினமாவது, இரண்டு வட்டுகளும் எப்போதோ ஒத்துப்போவதை நிறுத்திவிட்ட பிறகுதான். அப்போது எது சரியென்று தீர்ப்பதற்குப் போதிய சான்று அந்த அமைப்புக்குள் இருப்பதில்லை. இணைவட்டு மீட்பை நாம் பிரதிகளைத் தேடும் வேலையாக நினைக்கிறோம். உண்மையில் அது காலத்தை நிர்ணயிக்கும் வேலை என்பதே என் வாதம்.

டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் பெர்க்லியிலிருந்து வெளியிட்ட கட்டுரைதான் ரெய்டு என்னும் பெயரையும் 1 முதல் 5 வரையிலான நிலைகளையும் வழக்குக்குக் கொண்டுவந்தது. இணைவட்டு அவர்களுடைய கண்டுபிடிப்பன்று. டேண்டம் நிறுவனத்தின் கணினிகளில் முன்பே இருந்தது. அவர்களுடைய நம்பகத்தன்மைக் கணக்கு, வட்டுகள் ஒன்றையொன்று சாராமல் பழுதடையும், பழுதானது பழுதானதாகவே தெரியும் என்ற இரு அனுமானங்களின்மேல் நிற்கிறது. 2007-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இவற்றை அசைத்துவிட்டன. பியாங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் சுமார் 1,00,000 வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து, பழுதுகள் ஒன்றையொட்டி ஒன்றாக வரும் போக்கைக் காட்டினர். கூகுளின் பின்ஹேரோ, வெபர், பரோசோ ஆகியோர், பழுதான வட்டுகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவற்றில் வெப்பநிலை நீங்கலாக எந்த ஸ்மார்ட் (வட்டின் தன்கண்காணிப்பு) அறிகுறியும் தென்படவில்லை என்று கண்டனர். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் ஓடவிட்ட இரண்டு வட்டுகளைத் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்வது எவ்வளவு துணிச்சல் என்பது இதிலிருந்து விளங்கும்.

நடைமுறையில் சேதம் இரண்டு கட்டமாக வருகிறது. மேசைக்கணினிக்கென்று செய்யப்பட்ட வட்டு ஒன்று, படிக்க முடியாத ஒரு செக்டரோடு நெடுநேரம் மல்லுக்கட்டும். லினக்ஸ் இயல்பாக 30 வினாடி பொறுத்துப்பார்க்கும். பிறகு வட்டை மீட்டமைக்க முயன்று, அதுவும் பலிக்காவிட்டால் இணையிலிருந்து விலக்கிவிடும். வட்டு சாகவில்லை, விலக்கப்பட்டது மட்டுமே. எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத முகவரிக்குப் போகிறது. சர்வர் ஒற்றை வட்டில் மாதக்கணக்கில் ஓடுகிறது. பிறகு அந்த இரண்டாவது வட்டும் விழுகிறது. இப்போது மேசைமேல் இருப்பவை: ஏறக்குறைய முழுமையாகப் படிக்க முடிகிற, பழைய பதிவுள்ள வட்டு ஒன்று, ஆங்காங்கே படிக்க முடியாத, புதிய பதிவுள்ள வட்டு ஒன்று. அவசரத்தில் இருப்பவர் நலமாகத் தெரியும் முதலாவதைத்தான் கையிலெடுப்பார். அதை மூலமாக வைத்து மறுகட்டமைப்பைத் தொடங்கிவிட்டால், சில மாத உழைப்பின் ஒரே பதிவு அழியத் தொடங்கும்.

எது புதியது என்று தீர்க்க, லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ஒரு நிகழ்வெண்ணை வைத்திருக்கிறது. இணையின் நிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு வட்டின் மெட்டாடேட்டாவிலும் அந்த எண் கூடும். விலக்கப்பட்ட வட்டில் அது நின்றுபோகும். கடைகளில் விற்கும் சைனாலஜி, க்யூநாப் பெட்டிகளுக்குள்ளும் இதே எம்டிதான் இயங்குகிறது. பெரிய எண்ணுடைய வட்டே பிந்தியது என்ற விதி, ஒரு வட்டு மட்டும் தொடர்ந்து ஓடியிருந்தால் பொருந்தும். இரண்டு வட்டுகளையும் தனித்தனியே இரண்டு கணினிகளில் மாட்டி ஓட்டிப்பார்த்திருந்தால் இரண்டு எண்களும் வளர்ந்திருக்கும். அப்போது பெரிய எண், அந்த வட்டில் அதிக நிகழ்வுகள் நடந்தன என்பதற்கு மட்டுமே சான்று.

உள்ளடக்கத்தை ஒப்பிட்டு உண்மையைக் காணலாமே என்பார் உண்டு. இரண்டு பிரதிகள் முரண்பட்டால் பெரும்பான்மை என்று ஒன்றில்லை. எம்டியின் பழுதுபார்க்கும் கட்டளை இதை மறைப்பதுமில்லை: ரெய்டு 1-இல் வேறுபாடு கண்டால் ஒரு வட்டிலுள்ளதை எடுத்து மற்றவற்றின்மேல் எழுதிவிடும் என்று அதன் கையேடே சொல்கிறது. எழுதியபின் இரண்டும் ஒத்திருக்கும். அந்த ஒப்புமைக்கும் உண்மைக்கும் தொடர்பிருக்க வேண்டியதில்லை. 2009 தொடக்கத்தில் மூடப்பட்ட ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவையின் கதை இதன் உச்சம். அதன் தரவுத்தளம் இருந்த இரண்டு வட்டுகளும் பிசகாமல் ஒத்திருந்தன. இரண்டிலுமே தரவு மேலெழுதி அழிக்கப்பட்டிருந்தது.

இரண்டு வட்டுகளிலும் வெவ்வேறு செக்டர்கள் கெட்டிருக்கும் நிலை இன்னும் கவனத்துக்குரியது. அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ, படிக்க முடிந்ததை முதலில் நகலெடுத்து, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். அதே வரைபடத்தோடு இரண்டாம் வட்டை மூலமாகக் கொடுத்தால் விடுபட்ட இடங்கள் மட்டும் அதிலிருந்து நிரம்பும். இரண்டும் ஒரே கணத்தில் நின்ற வட்டுகள் என்றால் இது அருமையான வழி. ஒன்று பழையது என்றாலோ, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு கோப்பு முறைமை உருவாகும்: இன்றைய அடைவு, ஆறு மாதத்துக்கு முந்தைய உள்ளடக்கத்தைச் சுட்டும். பிழைச்செய்தி ஏதும் வராது என்பதுதான் ஆபத்து.

இதற்காக இரு வட்டுகளையும் கலப்பதையே கைவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. பெரிய வட்டுகளில், எம்டியை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவி பொதுவாக ஒரு பிட்மேப்பைச் சேர்க்கிறது; எழுதப்படும் பகுதிகள் அதில் குறிக்கப்படும். இணை குறைபட்டு ஓடும்போது இக்குறிகள் அழிக்கப்படுவதில்லை. ஆகவே முதல் வட்டு விலகியதிலிருந்து எந்தெந்தப் பகுதிகள் மாறின என்ற பட்டியல் புதிய வட்டிலேயே இருக்கிறது. குறி இல்லாத பகுதியில் கெட்ட செக்டர் இருந்தால் பழைய வட்டிலிருந்து எடுத்து நிரப்பலாம். குறி உள்ள பகுதியில் கூடாது. பிட்மேப் எந்த நிகழ்வெண் வரை துடைக்கப்பட்டது என்பதும் அதிலேயே பதிவாகியிருக்கும். பழைய வட்டின் நிகழ்வெண் அதற்குக் குறைவாக இருந்தால் இந்தச் சான்று செல்லாது. மீட்பு வேலையில் பிட்மேப்பை மறுஇணைப்பை விரைவாக்கும் வசதியாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பென்று தோன்றுகிறது.

சான்றைக் காக்க வேண்டுமென்றால் வட்டில் எதையும் எழுதக் கூடாது என்று சொல்வது எளிது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று சொல்லி ஏற்றினாலும் ஜர்னலில் நிலுவையிலுள்ளதை அது வட்டில் எழுதிவிடக்கூடும். அதைத் தடுக்க நோலோட் என்ற தேர்வைத் தனியே கொடுக்க வேண்டும். இருக்கும் இணையை எழுப்பும் அசெம்பிள் கட்டளை வேலை செய்யவில்லை என்று, இணையைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளையைக் கொடுப்பது இன்னும் மோசம். எம்டியின் மெட்டாடேட்டா 0.90, 1.0 வடிவங்களில் வட்டின் கடைசியிலும், 1.2 வடிவத்தில் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளியும் இருக்கும். தரவு தொடங்கும் இடமோ மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. புதிதாக உருவாக்கிய இணை வேறோரிடத்திலிருந்து தரவைத் தேடக்கூடும்; அதோடு ஒத்திசைவும் தொடங்கிவிடும். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டரை 4,096 பைட்டாகக் காட்டுவதால், நலமான பார்ட்டிஷன் அட்டவணையும் கெட்டதுபோல் தெரிவதுண்டு; அதைச் சரிசெய்யப் போனாலும் எழுத நேரும். நகலின்மேல், அதுவும் மாற்றங்களைத் தனிக் கோப்பில் வாங்கிக்கொள்ளும் மேலடுக்கு வைத்து வேலை செய்வதே தகும்.

செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டன என்பது வலுவான எதிர்வாதம். அதன் வலிமைக்கு ஆதாரம் உண்டு: நெட்ஆப் கருவிகளில் இருந்த 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதம் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, 4,00,000-க்கும் மேற்பட்ட செக்சம் முரண்களைக் கண்டது. சாதாரண ரெய்டு 1-இல் இரு பிரதிகளும் வேறுபடுவது தெரியலாமே தவிர, எது சிதைந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு பிரதி சிதைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு செக்சம் உறுதியான விடை தரும். காலத்தைப் பற்றிய கேள்விக்கு அது போதாது. இசட்எஃப்எஸ்ஸும் பரிவர்த்தனை எண்ணைப் பார்த்தே பிந்திய நிலையைத் தேர்கிறது. இணையின் இரு பாதிகளையும் தனித்தனியே இயக்கியிருந்தால் இரண்டிலும் செக்சம் சரியாகவே இருக்கும். அந்நிலையில் மீட்பவர் உரிமையாளரிடம், கடைசியாகப் போட்ட பில்லின் எண் என்ன, எந்தத் தேதியில் என்று கேட்டு, இரண்டு வட்டுகளிலும் அதைத் தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. மீட்பு அறிக்கையில் கோப்புகளின் பட்டியலுக்கு முன்னால் இந்தக் கேள்வியும், கிடைத்த விடையும், இரு வட்டுகளின் நிகழ்வெண்களும், எந்தப் பகுதி எந்த வட்டிலிருந்து வந்தது என்ற வரைபடமும் இடம்பெற வேண்டும்.