மஞ்சள் பைத்தியக்கார எறும்பு: அடையாளமும் வாழ்க்கை முறையும்

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ஆம் ஆண்டு ஆடு, மாடு வளர்ப்போரைத் திணறடித்த எறும்பு நினைவிருக்கிறதா? கால்நடைகளின் கண்களில் மொய்க்கிறது, பார்வை போகிறது என்று மேய்ப்பவர்கள் முறையிட்டார்கள். அதுதான் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

வேலைக்கார எறும்பு 4 முதல் 5 மி.மீ. நீளம் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், ஒல்லியான உடல், மிக நீண்ட கால்கள், உணர்கொம்புகள். கூட்டைக் கலைத்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். பெயர் வந்ததும் அதனால்தான். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு என்று எண்ணி ஏமாற வேண்டாம். முசுறு இதைவிடப் பெரியது, நன்றாகக் கடிக்கும், பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். தோலில் எரிச்சல், கண்ணில் பட்டால் பாதிப்பு.

இலைச் சருகு, கல் இடுக்கு, மண் வெடிப்பு, மூங்கில் தூர், தென்னையின் கொண்டை என எங்கும் கூடு வைக்கும். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். பக்கத்துக் கூடுகள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் சேர்ந்து பெருங்கூட்டமாகிவிடும். மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி ஆகியவை வெளியேற்றும் இனிப்புத் திரவமே இதன் முக்கிய உணவு. அதற்காக அந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காவல் காக்கும். அவை பெருகினால் இலையில் கரும்பூசணம் படியும், மரம் வாடும். கிறிஸ்துமஸ் தீவில் லட்சக்கணக்கான சிவப்பு நண்டுகளை இந்தக் கூட்டணிதான் அழித்தது. அங்கே 2016-இல் செதில் பூச்சியைத் தாக்கும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். தீனியைக் குறைத்து எறும்பைக் குறைக்கும் வழி அது.

உங்கள் தோட்டத்திலும் முதல் வேலை மாவுப்பூச்சி, செதில் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதுதான். கண்ணில் படும் எறும்பின் மேல் மருந்து அடித்தால் வெளியே திரிபவை மட்டுமே சாகும், ராணி உள்ளே பத்திரமாக இருக்கும். ராணி வரை போய்ச் சேர்வது மெதுவாக வேலை செய்யும் விஷ இரைதான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வையுங்கள். கிணறு, ஓடை ஓரத்தில் பூச்சிமருந்தைக் கொட்டாதீர்கள்.

இதன் ராணி பெரும்பாலும் பறந்து போய்க் குடியேறுவதில்லை, வேலைக்கார எறும்புகளோடு நடந்தே பக்கத்து இடத்துக்குப் போகும். ஆகவே தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் நாம்தான். எறும்பு உள்ள இடத்திலிருந்து நாற்று, வைக்கோல், விறகு, தொழுவுரம் ஏற்றும் முன் உதறிப் பாருங்கள். கால்நடையின் கண்ணில் பட்டுவிட்டால் உடனே சுத்தமான நீர் விட்டு நன்றாகக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.