காலியம்: மேட்டூர் முதல் ஐதராபாத் வரை

1871இல் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் அலுமினியத்திற்குக் கீழே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கு வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி ஏறத்தாழ 5.9 என்று கணித்தார். 1875இல் பிரெஞ்சு வேதியியலர் லெக்கோக் த புவாபோத்ரான் அதனைக் கண்டறிந்து காலியம் எனப் பெயரிட்டார். அவர் முதலில் அளந்த அடர்த்தியோ 4.7. மாதிரி தூய்மையற்றதாக இருக்கலாம் என்றார் மெண்டலீவ். தூய்மைப்படுத்தி மறுபடி அளந்தபோது 5.9 கிடைத்தது. காலியத்தின் வரலாறே தூய்மை குறித்த ஒரு திருத்தத்தோடுதான் தொடங்குகிறது.

ஐதராபாத்தின் கோடையில் இவ்வுலோகம் மேசைமேலேயே உருகிவிடும், உருகுநிலை 29.76 பாகை செல்சியஸ். ஆர்செனிக்குடன் சேர்ந்து காலியம் ஆர்செனைடு ஆகும்போதுதான் அதன் மதிப்பு வெளிப்படுகிறது. ரேடார்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் வேண்டிய நுண்ணலைச் சில்லுகள் அச்சேர்மத்தால் ஆனவை. அதற்கு 99.9999 விழுக்காடேனும் தூய்மை வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் மாசு கூடாது. அயல் அணுக்கள் சிறிதளவு மிகுந்தாலும் மின்கடத்துந் தன்மை மாறிவிடும்.

இத்துறையில் ஐதராபாத்துக்குத் தனியிடம் உண்டு. 1971இல் அணு எரிபொருள் வளாகம் அமைந்தது. அங்கே மின்னணுவியலுக்கான மீத்தூய பொருள்களும் உருவாயின. 1990இல் தொடங்கப்பெற்ற சி-மெட் நிறுவனத்தின் ஐதராபாத் ஆய்வகம் மீத்தூய உலோகங்களைத் தன் துறையாகக் கொண்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கேடெக் மையம் காலியம் ஆர்செனைடுச் சில்லுகளையே வடித்தது.

மூலப்பொருள் எங்கிருந்து வரும்? காலியத்திற்கெனத் தனிச் சுரங்கம் தோண்டுவதில்லை. ஒரு டன் பாக்சைட்டில் சராசரியாக 50 கிராம் அளவே அது உண்டு. அலுமினா பிரித்தெடுக்கும் காரக் கரைசலிலிருந்து துணைப்பொருளாகவே கிடைக்கும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டு மேட்டூர் மால்கோ ஆலைக்குச் சென்றது. அங்கே ஒரு காலத்தில் காலியமும் பிரித்தெடுக்கப்பட்டது. மலைச் சுரங்கங்கள் ஓய்ந்து, அலுமினிய உற்பத்தியும் நின்றபோது, அந்தக் கண்ணியும் அறுந்தது.

2023 ஆகஸ்டில் சீனா காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது உலகமே திடுக்கிட்டது. உலகின் முதனிலைக் காலியத்தில் மிகப்பெரும் பங்கு அந்நாட்டினுடையது. அங்குள்ள அலுமினா ஆலைகள் பிறர் கழிவென விட்டதைச் சேர்த்துவைத்ததன் பயன் அது.

தூய்மையாக்கும் கலை ஐதராபாத்தில் இருக்கிறது. ஆயின் கரைசலில் கிடக்கும் 50 கிராமைப் பொருட்படுத்தாத தொழில்துறை, ஆறு ஒன்பதுகளைப் பற்றிப் பேசுவதில் பயனென்ன?