இல்லாத கவிஞர் ஒருவரின் வரலாறு

எர்ன் மேலி 1918ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தார். சிறு அகவையிலேயே ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். சிட்னியில் மோட்டார்ப் பட்டறைத் தொழிலாளியாகவும், மெல்போர்னில் ஆயுள் காப்பீட்டு முகவராகவும் வாழ்ந்தார். ஓய்வில் கடிகாரங்கள் பழுது பார்த்தார். 1943 சூலை 23ஆம் நாள், இருபத்தைந்து அகவையில், கிரேவ்ஸ் நோயால் மறைந்தார். அவர் கவிதை எழுதினார் என்பதை உடன்பிறந்த எதெல் என்னும் சகோதரியும் அறிந்திருக்கவில்லை. மறைவுக்குப் பின் அவருடைய பொருள்களை ஒழுங்கு செய்தபோதுதான் கையெழுத்துப் படி கிடைத்தது.

இவ்வரலாற்றில் ஒரு சொல்லும் மெய்யன்று. எர்ன் மேலி பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. 1943 அக்டோபரில் மெல்போர்ன் இராணுவ அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்காலி, ஹெரால்ட் ஸ்டூவர்ட் என்னும் இரு இளங்கவிஞர்கள் ஒரே நாளில் அவரையும் அவர் கவிதைகளையும் படைத்தனர். ஆக்ஸ்போர்டு அகராதி, ஷேக்ஸ்பியர் தொகுதி, மேற்கோள் அகராதி என்று மேசைமேல் கிடந்த நூல்களையெல்லாம் கண்டவாறு புரட்டிச் சொற்களைக் கோத்தனர். ஒரு கவிதையின் தொடக்க அடிகள், கொசு பெருகும் நீர்நிலைகளை வடிகட்டுவது பற்றிய அமெரிக்க அறிக்கையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை! தொடர்ச்சியான கருத்து கூடாது, யாப்பில் கவனம் கூடாது என்பன அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட நெறிகள்.

நோக்கம் வெறும் விளையாட்டன்று. புதுக்கவிதை என்ற பெயரில் பொருளற்ற சொற்குவியல் போற்றப்படுகிறது, பொருளுக்கும் பிதற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் ஆற்றலைப் படிப்பவர் இழந்துவிட்டனர் என்பது அவ்விருவரின் உறுதியான கருத்து. அதனைச் சோதிக்க அவர்கள் தேர்ந்த இலக்கு, அடிலெய்டு நகரில் 'ஆங்ரி பெங்குவின்ஸ்' இதழை நடத்திய மேக்ஸ் ஹாரிஸ். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

எதெல் பெயரில் மடல் சென்றது. கவிதை பற்றி ஏதும் அறியாத, எளிய நடுத்தரக் குடும்பப் பெண் ஒருத்தி, தம்பியின் எழுத்துக்கு மதிப்பு ஏதும் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்பதாக அது அமைந்திருந்தது. கவிதைகளை எழுத ஒரு நாள் போதுமாயிருந்தது. எதெலின் மடல்களிலோ அவர்கள் மிகுந்த கவனம் செலுத்தினர். என்னைக் கேட்டால் அம்மோசடியின் உயர்ந்த இலக்கியப் படைப்பு எதெல்தான். ஹாரிஸ் முதலில் படித்தது கவிதையை அன்று. ஓர் ஏழை இளைஞனின் சாவை. நம் வட்டத்தின் கூட்டங்களிலும் பாடவருபவரின் வாழ்வைச் சொல்லி முடித்த பின்னரே கவிதைக்குச் செவி கொடுக்கிறோம். ஆகவே அவரை எள்ளி நகைக்க எனக்கு மனம் வரவில்லை.

1944 சூனில் எர்ன் மேலிக்கெனவே சிறப்பிதழ் வெளிவந்தது. அதன் அட்டை ஓவியம் சிட்னி நோலனுடையது. ஹாரிஸே இவற்றை எழுதியிருப்பார் என்று அடிலெய்டில் சிலர் ஐயுற்றனர். அவரோ துப்பறிவாளர் ஒருவரை அமர்த்தி எதெலைத் தேடச் செய்தார். அதே சூன் 25ஆம் நாள் சிட்னி ஞாயிறு நாளேடு ஒன்று உண்மையை அம்பலப்படுத்தியது. ஊர் சிரித்தது.

சிரிப்போடு முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. அடிலெய்டு காவல்துறை அக்கவிதைகளை ஆபாசம் என்று குற்றஞ்சாட்டியது. செப்டம்பரில் வழக்கு நடந்தது. சான்று கூறிய துப்பறியும் அதிகாரி, ஒரு சொல்லின் பொருள் தமக்குத் தெரியாதென்றும், ஆயினும் அதில் ஆபாசம் தொனிப்பதாகவும் கூறினார். இரவில் பூங்காவுக்குச் செல்வோர் தீய நோக்கத்தோடேயே செல்வர் என்பது தம் பணி அனுபவம் என்றார். பொருளே இல்லை என்று படைத்தவர்கள் அறிவித்த வரிகளுக்கு நீதிமன்றத்தில் பொருள் சொல்லும் கடமை ஹாரிஸுக்கு நேர்ந்தது. அதனை அவர் முகங்கோணாது செய்தார். ஐந்து பவுன் அபராதம், தவறினால் ஆறு வாரச் சிறை எனத் தீர்ப்பாயிற்று. இட்டுக்கட்டியவர்கள் தண்டிக்கப்படவில்லை.

ஹாரிஸ் தோற்றும் பின்வாங்கவில்லை. கவிதைகள் நல்லவை என்றே கூறிவந்தார். 1950களில் தாம் நடத்திய இதழுக்கு 'எர்ன் மேலியின் நாட்குறிப்பு' என்றே பெயரிட்டார். தம் மேலியில் தமக்கு இன்னும் நம்பிக்கை உண்டென்று 1961ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையிலும் எழுதினார். இது பிடிவாதமா, நகைச்சுவையா, திறனாய்வா? மூன்றும் கலந்தது என்றே கருதுகிறேன். திறமையுள்ள இருவர் கட்டுப்பாட்டைக் கைவிட்டு எழுதும்போது அவர்கள் அறியாமலே நல்ல வரிகள் வந்து விழக்கூடும் என்னும் அவர் தரப்பு வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மேலும், தொகுதியின் முதற்கவிதை மெக்காலி முன்னரே மெய்யாக எழுதிவைத்திருந்தது. தூண்டிலில் உண்மையான இரையே கோக்கப்பட்டது. ஆனால் தொகுதி முழுவதும் சிறந்ததென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நம் மரபில் ஔவையார் என்ற ஒரு பெயருக்குள் பல காலத்துப் புலவர் அடங்கியுள்ளனர். அப்பாடல்களை நாம் தள்ளிவிடவில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

மெக்காலி பின்னர்ப் பேராசிரியராகி, 'குவாட்ரண்ட்' இதழின் முதல் ஆசிரியராகவும் விளங்கி 1976இல் மறைந்தார். ஸ்டூவர்ட் ஜப்பானின் கியோட்டோ நகரில் குடியேறினார். அவரும் ஹாரிஸும் ஒரே ஆண்டில், 1995இல், காலமானார்கள். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1991இல், பெங்குவின் வெளியிட்ட தற்கால ஆஸ்திரேலியக் கவிதைத் தொகுப்பில் எர்ன் மேலியின் கவிதைகள் அவர் பெயரிலேயே முழுமையாக இடம்பெற்றுவிட்டன.

அமெரிக்கக் கவிஞர் ஜான் ஆஷ்பரி புரூக்ளின் கல்லூரியில் கற்பித்தபோது, மேலியின் கவிதை ஒன்றையும் ஜெஃப்ரி ஹில்லின் கவிதை ஒன்றையும் வினாத்தாளில் அருகருகே அச்சிட்டு, இவற்றுள் எது போலி என்று மாணவரைக் கேட்டாராம். ஆண்டுதோறும் வினாத்தாள் அமைக்கும் எனக்கு அப்படி ஒரு வினாவை எழுதும் துணிவு இதுவரை வரவில்லை. விடைத்தாள் திருத்த வேண்டியவளும் நானே அல்லவா?