லோஸ் காப்ரிச்சோஸ்: சூனியக்காரிகளின் உருவில் ஒரு சமூக விமர்சனம்

லோஸ் காப்ரிச்சோஸ் என்பது ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா (1746–1828) 1799-ஆம் ஆண்டு வெளியிட்ட 80 அச்சோவியங்களின் தொகுப்பு. இத்தலைப்பு மனம்போன போக்கில் எழும் கற்பனைகளைக் குறிக்கும். சூனியக்காரிகள், பூதங்கள், ஆந்தைகள், பிணங்கள் ஆகியவற்றின் வழியே தம் காலத்து மூடநம்பிக்கையையும் அதிகாரத்தையும் கோயா இதில் எள்ளி நகையாடினார்.

பின்னணி

கோயா ஸ்பானிய அரசவை ஓவியராக இருந்தவர். 1792–93-இல் கடும் நோயுற்றுக் கேட்கும் திறனை இழந்தார். ஹோவெல்லானோஸ், மொராட்டின் போன்ற அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் அவருடைய நண்பர்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்கு மாறான கருத்துகளைத் தண்டித்த விசாரணை மன்றம் அக்காலத்திலும் ஸ்பெயினில் செயல்பட்டு வந்தது.

உருவாக்கிய முறை

செப்புத்தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சிட்டு, அதில் ஊசியால் வரைந்து, தகட்டை அமிலத்தில் இடுவர். கோடுகள் விழுந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளில் அச்சிடுவர். பிசின் தூளைக் கொண்டு சாம்பல் நிறச் சாயல்களை உண்டாக்கும் அக்வாடின்ட் முறையையும் கோயா இதனுடன் சேர்த்தார். இத்தொகுப்பில் காணும் ஆழ்ந்த இருள் இம்முறையால் அமைந்தது.

படங்களின் பொருள்

12-ஆம் படத்தில், மாந்திரீகத்துக்கு உதவும் என நம்பி ஒரு பெண் தூக்கிலிடப்பட்டவனின் பல்லைப் பிடுங்குகிறாள். அச்சத்தால் முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்கிறாள். 42-ஆம் படத்தில் இரு உழவர்கள் கழுதைகளை முதுகில் சுமக்கின்றனர். உழைப்போர் மீது ஏறி அமர்ந்த மேல்தட்டினரே அக்கழுதைகள் என்பது பரவலான விளக்கம். 52-ஆம் படத்தில், துறவியின் அங்கி போர்த்திய மரத்தின் முன் ஒரு பெண் மண்டியிட்டு வணங்குகிறாள். 68-ஆம் படத்தில் கிழச் சூனியக்காரி ஒருத்தி இளம்பெண்ணைத் துடைப்பத்தில் ஏற்றிப் பறக்கிறாள். இளம்பெண்களைப் பரத்தமைத் தொழிலுக்கு இழுக்கும் தரகுக் கிழவியை இது சுட்டுவதாகக் கருதுவர்.

புகழ்பெற்ற 43-ஆம் படத்தில், மேசைமேல் தலைகவிழ்ந்து உறங்கும் மனிதனை ஆந்தைகளும் வௌவால்களும் சூழ்கின்றன. பகுத்தறிவின் உறக்கம் அரக்கர்களைப் பிறப்பிக்கும் என்பது இதன் தலைப்பு. தொகுப்பு முழுவதற்கும் திறவுகோல் இப்படமே.

வெளியீடும் விளைவும்

1799 பிப்ரவரி 6 அன்று மத்ரித் நாளிதழில் விளம்பரம் வெளியானது. எந்தத் தனிமனிதரையும் கேலி செய்யவில்லை என்று அதில் முன்னெச்சரிக்கையாகக் கூறப்பட்டிருந்தது. வாசனைப் பொருளும் மதுவும் விற்ற ஒரு கடையில் தொகுப்பு 320 ரியாலுக்கு விற்கப்பட்டது. அக்கடை இருந்த தெசெங்கான்யோ தெருவின் பெயருக்கு 'மயக்கம் தெளிதல்' என்று பொருள்.

27 பிரதிகள் மட்டுமே விற்றதாகக் கோயா 1803-இல் எழுதினார். அவ்வாண்டு தகடுகளையும் விற்காத 240 பிரதிகளையும் அரசர் நான்காம் கார்லோசுக்கு அளித்தார். ஈடாக அவர் மகனுக்கு உதவித்தொகை கிடைத்தது. விசாரணை மன்றத்திடம் தம்மீது புகார் அளிக்கப்பட்டதை 1825-ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

கோயா இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1834-இல் விசாரணை மன்றம் ஒழிக்கப்பட்டது. அரசரிடம் ஒப்படைத்த செப்புத்தகடுகள் இன்றும் மத்ரித் நகரின் தேசிய அச்சோவியக் கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன.